பள்ளி எல்லையை மாற்றி வரைகிறார்கள்: கூட்டத்தில் என்ன கேட்பது?

வேப்பமரம்

எங்கள் பகுதியில் தொடக்கப்பள்ளிகளின் சேர்க்கை எல்லையை, அதாவது எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று பிரிக்கிற கோட்டை, மாற்றப் போகிறார்கள். ஒரு பள்ளி நிரம்பி வழிகிறது, பக்கத்துப் பள்ளியில் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன, அதனால் கோட்டைக் கொஞ்சம் நகர்த்துகிறோம் என்கிறார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நகர்கிற துண்டில் எங்கள் தெருவும் இருக்கிறது. மூத்தவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் அடுத்த வருடம் சேர வேண்டியவன்.

பொதுக்கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் தருவார்களாம். எல்லாரும் எழுந்து "எங்கள் தெருவை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காரப் போகிறார்கள். நானும் அதையே சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்த வேலையை உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எதைக் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்று சொல்லுங்கள்.

எதிர்க்காற்று

பள்ளியைப் பார்த்துத்தான் வீடே வாங்குகிறோம். கடன் இன்னும் பாதி கூடக் கட்டி முடியவில்லை, அதற்குள் கோடு நகர்ந்துவிட்டது என்றால் எப்படி? கூட்டத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இழப்புக்கு யார் பொறுப்பு?

நிலவரைவி

வேப்பமரம் அக்கா, நான் ஒரு எல்லைக் குழுவில் வரைபட வேலை பார்த்தவன். கோட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் "கொள்ளளவு" என்று ஒரு எண் போட்டிருப்பார்களே, அதைப் பிடியுங்கள். மற்றதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் கிளம்புகிறது. அதை யாரும் கேட்பதே இல்லை. கட்டடத்தை நாடா வைத்து அளந்து வந்த எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. கட்டடத்தில் 30 அறைகள். அறைக்கு 24 பிள்ளைகள் என்றால் 720. இப்போது இசைக்கு ஒன்று, ஓவியத்துக்கு ஒன்று, சிறப்புக் கல்விக்கு இரண்டு, கணினிக்கு ஒன்று என்று ஐந்து அறைகளைக் கழியுங்கள். மீதி 25 அறை, 600 பிள்ளைகள். கட்டடம் அதேதான். அங்கே இன்று 720 பேர் படிக்கிறார்கள் என்றால், முதல் கணக்கில் அந்தப் பள்ளி சரியாக 100%. இரண்டாவது கணக்கில் 120%, அதாவது "அவசர நிலை". யாரும் பொய் சொல்லவில்லை, இரண்டும் முறையான கணக்குதான். ஆனால் எந்தக் கணக்கு என்பதை யாரோ ஒருவர் ஏற்கனவே முடிவு செய்துவிட்டார்.

நடுநிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்றால் இன்னொரு தள்ளுபடியும் உண்டு. பிள்ளைகள் பீரியடுக்குப் பீரியட் அறை மாறுவதால் எல்லா அறையும் எல்லா நேரமும் நிரம்பாது. ஆய்வகம் ஒரு மணி நேரம் சும்மா இருக்கும், ஆசிரியர் தயாரிப்பு வேலைக்கு ஓர் அறை போகும். அதனால் திட்டமிடுகிறவர்கள் மொத்தத்தில் 85% அளவைத்தான் நடைமுறைக் கொள்ளளவு என்று வைத்துக்கொள்வது வழக்கம். தொடக்கப்பள்ளிக்கு இதைவிடக் கூடுதலாக வைப்பார்கள்.

ஆகவே முதல் கேள்வி: அறைவாரியான பட்டியலைக் கொடுங்கள். எந்த அறையை எதற்கென்று எண்ணினீர்கள்? நிரம்பிய பள்ளிக்கும் காலிப் பள்ளிக்கும் ஒரே விதிதானா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் தடுமாறுவார்கள்.

ஆறாம்பீரியட்

ஆசிரியையாகச் சொல்கிறேன். அறைகளை மட்டும் எண்ணினால் போதாது. மைதானத்தில் பலகைக் கொட்டகை மாதிரி போர்ட்டபிள் வகுப்பறைகளை நிறுத்திக் கொள்ளளவைக் கூட்டிவிட்டோம் என்பார்கள். வகுப்பறை கூடியது, சரி. சாப்பாட்டுக் கூடம் கூடியதா? கழிப்பறை கூடியதா? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கூடம் சின்னது, பிள்ளைகள் அதிகம், அதனால் மதிய உணவு வரிசை வரிசையாக நடக்கும். முதல் வரிசைப் பிள்ளைகளுக்குக் காலை பத்தரைக்கே சாப்பாடு. பள்ளி விடுகிற நேரத்தில் அவர்கள் பசியில் மேசையில் தலையைக் கவிழ்த்துவிடுவார்கள். அந்தப் பள்ளி காகிதத்தில் "கொள்ளளவுக்கு உட்பட்டது".

காலிப் பள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே அறை பூட்டிக் கிடக்கிறது என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. பேச்சுப் பயிற்சி, தனிப்பட்ட வாசிப்புப் பயிற்சி, மனநல ஆலோசகர் எல்லாம் பெரும்பாலும் அப்படிப்பட்ட அறைகளில்தான் நடக்கும். நிரம்பிய பள்ளியில் அதே வேலை நடைபாதை ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டு நடக்கிறது. பிள்ளைகளை மாற்றும்போது அந்த அறைகளும் போய்விடும்.

வேப்பமரம்

நன்றி இருவருக்கும். அறிக்கையில் "நிரல் கொள்ளளவு" என்று ஒன்றும் "வடிவமைப்புக் கொள்ளளவு" என்று ஒன்றும் பார்த்த ஞாபகம். ஒன்றுக்கு இரண்டு பெயர் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். எல்லா அறையையும் எண்ணினால் வடிவமைப்பு, இசை, ஓவியம் மாதிரி அறைகளைக் கழித்தால் நிரல் என்று இப்போது புரிகிறது.

எதிர்க்காற்று சார், உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அதை மேடையில் சொன்னால் எடுபடுமா?

எதிர்க்காற்று

எடுபடாமல் என்ன? அந்த அறையில் இருக்கிற எல்லார் மனதிலும் அதுதான். நான் வாய்விட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்குப்பிள்ளை

எதிர்க்காற்று சொல்வதில் உண்மை இருக்கிறது, அளந்தும் இருக்கிறார்கள். பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேர்க்கை எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டார். ஊர் அதே, வரி அதே, அக்கம்பக்கம் அதே, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண்ணில் 5% உயர்வுக்குப் பெற்றோர் வீட்டு விலையில் சுமார் 2.5% கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள் என்று வந்தது.

ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கியவர் அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுத்துத்தான் வாங்கினார். கோடு நகர்ந்தால் ஒருவருக்கு இழப்பு, இன்னொருவருக்கு லாபம். லாபம் அடைகிறவர் கூட்டத்துக்கு வந்து நன்றி சொல்லப் போவதில்லை. வாங்கும்போது நாம் வாங்கியது வீட்டை, கோட்டை அல்ல. எந்தப் பத்திரத்திலும் பள்ளியின் பெயர் எழுதித் தரவில்லை.

எதிர்க்காற்று

விற்றவர் விளம்பரத்தில் எழுதியிருந்தார்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் இழப்பீட்டை அவரிடம்தான் கேட்க வேண்டும் :)

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் இரண்டு நிமிடத்தில் ஒரு நிமிடத்தையாவது விலக்கு விதிக்கு வையுங்கள். "இப்போது படிக்கிற பிள்ளைகள் அங்கேயே முடிக்கலாம், புதிதாகச் சேர்கிறவர்கள் மட்டும் புது எல்லைப்படி போகட்டும்" என்று எல்லாரும் கேட்பார்கள். கேட்பதற்கு மனிதாபிமானமாக இருக்கும், குழுவும் தலையாட்டிவிடும். அதன் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

நிலவரைவி போட்ட உதாரணத்தையே நீட்டுகிறேன். அந்தப் பள்ளிக்கு அ என்று பெயர். கொள்ளளவு 600, இருப்பவர்கள் 720. மழலை வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஆறு நிலைகள், நிலைக்கு 120 பேர். பக்கத்தில் ஆ பள்ளி, கொள்ளளவு அதே 600, இருப்பவர்கள் 420, நிலைக்கு 70. நகர்கிற துண்டில் 120 பிள்ளைகள், நிலைக்கு 20.

விலக்கே இல்லை என்றால் முதல் வருடமே அ 600, ஆ 540. வேலை முடிந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையைக் கூட ஒரே ஒரு வருடத்துக்காக இடம் மாற்றியிருப்பார்கள்.

முழு விலக்கு என்றால் முதல் வருடம் மழலை வகுப்பில் வருகிற 20 பேர் மட்டும் ஆ-வுக்குப் போவார்கள். அ பள்ளி 700. அடுத்த வருடம் 680, பிறகு 660, 640, 620. ஆறாவது வருடம்தான் 600. இன்று மழலை வகுப்பில் இருக்கிற பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துப் போகும்வரை அந்தப் பள்ளியில் நெரிசல் தீராது. தம்பி தங்கைகளுக்கும் விலக்கு என்றால் இன்னும் இழுக்கும். நெரிசலைத் தீர்க்கத்தான் எல்லையை மாற்றினோம் என்பது அதற்குள் எல்லாருக்கும் மறந்துவிடும். இடையில் இன்னொரு குழு வந்து இன்னொரு கோடு போடும்.

நடுவழி ஒன்று உண்டு: நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. முதல் வருடம் 80 பேர் மாறுவார்கள், அ 640. அடுத்த வருடம் 620, மூன்றாம் வருடம் 600. ஆ பள்ளி 500, 520, 540 என்று ஏறும். உங்கள் மூத்தவளுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன், அடுத்த வருடம் நான்காம் வகுப்பு வந்துவிடுவாள்.

வேப்பமரம்

பொருந்தும். ஆனால் அவள் ஒரு பள்ளி, தம்பி ஒரு பள்ளி என்று ஆகிவிடுமே.

கணக்குப்பிள்ளை

ஆகும். இரண்டு வருடத்துக்கு. "அண்ணன் அக்கா அங்கே படிக்கும்வரை தம்பியும் அங்கே படிக்கலாம், அவள் முடித்ததும் இவன் மாற வேண்டும்" என்று சில இடங்களில் வைப்பார்கள். அப்படி வைத்தால் சின்னவன் இரண்டு பள்ளி பார்க்க வேண்டியிருக்கும். மழலை வகுப்பிலேயே ஆ-வில் சேர்ந்துவிட்டால் அவனுக்கு ஒரே பள்ளி. எது சௌகரியம் என்பது உங்கள் வீட்டு விஷயம்.

இன்னொன்று கவனித்தீர்களா? மேலே உள்ள உதாரணத்தில் ஆ பள்ளியின் மழலை வகுப்பு 70-லிருந்து 90 ஆகிறது. 70 பேருக்கு மூன்று பிரிவு, 90 பேருக்கு நான்கு. அதாவது முதல் வருடமே ஒரு ஆசிரியர் புதிதாக வேண்டும். அ பள்ளியில் 120 என்பது ஐந்து பிரிவு, 100 என்பது நான்கு. ஒரு பணியிடம் அங்கிருந்து இங்கே நகர வேண்டும். கோடு நகர்கிற அன்றே ஆசிரியரும் நகர்கிறாரா என்று கேளுங்கள். பணியிடம் ஒரு வருடம் பின்தங்கி வந்தால் ஆ பள்ளியில் அந்த 90 பேரை மூன்று அறையில் அடைப்பார்கள். "காலிப் பள்ளி"க்கு வந்த பிள்ளைகள் முப்பது பேர் கொண்ட வகுப்பில் உட்கார்வார்கள்.

ஆறாம்பீரியட்

கடைசிப் பத்திக்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். நடப்பது அதேதான்.

தெற்குவாசல்

சற்று வெளியே போய்ப் பார்க்கலாமா? கோடு என்பது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம், 2009 "அண்மைப் பள்ளி" என்கிறது. மாதிரி விதிகளில் ஒன்று முதல் ஐந்துவரை 1 கி.மீ. நடை தூரத்துக்குள், ஆறு முதல் எட்டுவரை 3 கி.மீ. தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று உண்டு. ஆனால் அது அரசுக்குப் போட்ட கடமை. இந்தத் தெருப் பிள்ளை இந்தப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று பெற்றோருக்குப் போட்ட கோடு அல்ல. கோத்தாரி குழு 1966-லேயே பொதுப்பள்ளி முறையையும் அண்மைப் பள்ளியையும் பரிந்துரைத்தது. ஏழை, பணக்காரன் எல்லார் பிள்ளையும் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாகப் படிக்கட்டும் என்பதுதான் அதன் கருத்து. தனியார் பள்ளிக்குப் போக வழி திறந்திருக்கும்வரை அது நடக்காது என்பதையும் பார்த்துவிட்டோம்.

பிரான்சில் 1963-ல் இப்படி ஒரு எல்லை முறையைக் கொண்டுவந்தார்கள். அப்போது நோக்கம் சமத்துவம் இல்லை, மாணவர் எண்ணிக்கை வேகமாகப் பெருகிய காலம், பிள்ளைகளையும் ஆசிரியர் பணியிடங்களையும் பங்கிட ஒரு நிர்வாகக் கருவி வேண்டியிருந்தது. சமத்துவம் என்ற பேச்சு அதன் மேல் பிறகு ஏறியது. 2007-ல் தளர்த்தினார்கள்.

சிங்கப்பூரில் கோடே கிடையாது, வட்டம்தான். தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் விண்ணப்பம் இடங்களைவிட அதிகமானால் 1 கி.மீ.க்குள் இருப்பவர், 1 முதல் 2 கி.மீ., அதற்கு மேல் என்று முன்னுரிமை. அதற்குள்ளும் கூடினால் குலுக்கல். இங்கிலாந்திலும் நிரம்பிய பள்ளியில் தூரம் ஒரு முக்கிய அளவுகோல். பிரைட்டன் நகரில் 2008 சேர்க்கையிலிருந்து எல்லைக்குள்ளேயே குலுக்கல் வைத்தார்கள், பள்ளி வாசலில் வீடு வாங்கியவருக்கு மட்டும் உறுதி என்பதை உடைப்பதற்காக.

இந்த முறைகளில் கூட்டம் போட்டுக் கோட்டை நகர்த்தும் வேலை குறைவு. கொள்ளளவு நிரம்பினால் வட்டம் தானாகச் சுருங்கும். ஆனால் அடுத்த வருடம் என் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோடு இருந்தால் சண்டை, இல்லையென்றால் பதற்றம். எனக்குச் சண்டையே மேல்.

எதிர்க்காற்று

குலுக்கலா? லாட்டரிச் சீட்டை நம்பி வீட்டுக்கடன் வாங்கச் சொல்கிறீர்கள்.

நிலவரைவி

குலுக்கல் பற்றித் தனி இழை போடலாம், இங்கே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை அண்ணன் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். நிரம்பிய பள்ளியில் படிக்கிற எல்லாரும் அந்த எல்லைக்குள் வசிப்பவர்களா? பல இடங்களில் இல்லை. சிறப்பு அனுமதி வாங்கி வந்தவர்கள் இருப்பார்கள், அங்கே வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள், வீடு மாறிப் போன பிறகும் தொடர்கிறவர்கள் இருப்பார்கள். முக்கியமாக, மொத்தப் பள்ளி மாவட்டத்துக்கும் (ஒரே கல்வி நிர்வாகத்தின் கீழ் வருகிற பகுதிக்கும்) பொதுவான திறன்மிகு மாணவர் பிரிவோ இருமொழிப் பிரிவோ அந்தக் கட்டடத்தில் நடக்கலாம். அந்தப் பிரிவைத் தூக்கிக் காலிப் பள்ளிக்குக் கொண்டுபோனால், ஒரு தெருவையும் தொடாமல் நெரிசல் தீர்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. எங்கள் குழுவில் இதை எழுப்பியபோது அறையில் ஒரு சங்கடமான அமைதி. காரணம், அந்தப் பிரிவில் படித்தவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே கேட்க வேண்டியது: எல்லைக்குள் வசிப்போர் எத்தனை, உண்மையில் படிப்போர் எத்தனை? இரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில் வேண்டும். இரண்டாவது எண் முதலைவிடக் கணிசமாகப் பெரிதாக இருந்தால், பிரச்சினை கோட்டில் இல்லை.

அப்புறம் வரைபடம் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பகுதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பிள்ளைகள் என்று எண் போட்டிருப்பார்கள். ஜி.ஐ.எஸ். என்கிற வரைபட மென்பொருளில் துண்டை ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் இரண்டு பக்கமும் சதவீதம் உடனே மாறும். கணினியில் உகந்த கணக்குப் போட்டு எல்லையை வரைவது 1960-களின் இறுதியிலிருந்தே நடக்கிறது, புதுசு இல்லை. ஆனால் "உகந்தது" எது? மொத்தப் பயணத் தூரம் குறைய வேண்டுமா, சதவீதம் சமமாக வேண்டுமா, நகர்கிற பிள்ளைகள் குறைவாக வேண்டுமா? மூன்றும் சேர்ந்து கிடைக்காது. எதை முன்னே வைத்தார்களோ அது வரைபடத்தில் தெரியும். அந்தத் துண்டுவாரி எண்களைக் கேட்டு வாங்கினால் மாற்று வரைபடத்தை நீங்களே விரிதாளில் போட்டுப் பார்க்கலாம். நாற்பது பேர் கோபப்படுவதைவிட ஒருவர் வேலை செய்யும் வரைபடத்தோடு வந்து நின்றால் குழுவுக்கு வேர்க்கும்.

வேப்பமரம்

அந்த எண்களைக் கொடுப்பார்களா?

நிலவரைவி

பெயர், முகவரி இல்லாத மொத்த எண்கள்தான் என்பதால் பெரும்பாலும் கொடுக்கலாம். மிகச் சின்னத் துண்டுகளில் மட்டும் மறைப்பார்கள், மூன்று பிள்ளைகள் இருக்கிற தெருவில் யார் என்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா. இணையத்தில் இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை

எண்கள் என்றதும் முன்கணிப்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இன்றைய எண்ணிக்கைக்குக் கோடு போட்டால் அது போடுகிற அன்றே பழசு. வழக்கமான முறை, ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போகும்போது எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்ற விகிதத்தைப் பழைய வருடங்களிலிருந்து எடுத்து முன்னே தள்ளுவது. முதல் வகுப்பில் 100 பேர், மறுவருடம் இரண்டாம் வகுப்பில் 97 என்றால் 0.97. மழலை வகுப்புக்கு ஐந்து வருடம் முந்தைய பிறப்பு எண்ணிக்கையை வைப்பார்கள். அமெரிக்காவில் பிறப்பு 2007-ல் சுமார் 43 லட்சமாக உச்சம் தொட்டது, பிறகு ஏறக்குறைய தொடர்ந்து இறங்கி 36 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே பல இடங்களில் இன்று நெரிசல் என்பதே கரையப் போகிற நெரிசலாக இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. புதிதாக வீடுகள் எழும்புகிற இடத்தில் இந்த விகிதம் உதவாது. வீட்டுக்கு இத்தனை பிள்ளை என்று தனிக் கணக்குப் போட வேண்டும், தனி வீட்டுக்கு ஒரு எண், அடுக்குமாடிக்கு வேறு எண். கட்டுகிறவர் எந்த வருடம் சாவி கொடுப்பார் என்பதும் அதில் சேரும்.

பழைய தெருக்களின் நடத்தை இன்னும் வேடிக்கை. ஒரே காலத்தில் குடிவந்தவர்களின் பிள்ளைகள் ஒரே காலத்தில் பள்ளியை நிரப்புகிறார்கள், பிறகு பெற்றோர் அங்கேயே இருக்க, பிள்ளைகள் மட்டும் காலியாகிறார்கள். இருபது வருடம் கழித்து வீடுகள் கைமாறியதும் மறுபடி நிரம்பும். உங்கள் "காலிப் பள்ளி" இந்தச் சுற்றில் எங்கே நிற்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

தெற்குவாசல்

கேட்க மறந்துவிட்டேன். நகர்கிற துண்டில் தனி வீடுகளா, அடுக்குமாடியா?

வேப்பமரம்

எங்கள் தெரு தனி வீடுகள். ஆனால் குழு முன்வைத்திருக்கிற மூன்று வரைபடத்திலும் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு நகர்கிறது. எங்கள் தெரு இரண்டில்தான் நகர்கிறது.

தெற்குவாசல்

நினைத்தேன். வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்துக்கு வருவது குறைவு. இரண்டு வேலை பார்க்கிறவர் மாலை ஏழு மணிக்கு வந்து வரிசையில் நிற்க முடியாது. அதனால் எந்த வரைபடம் வந்தாலும் அந்தத் துண்டுதான் முதலில் நகரும், முன்பு ஒருமுறை நகர்ந்ததாக இருந்தாலும். ஒரு துண்டு கடைசியாக எப்போது நகர்த்தப்பட்டது என்ற பட்டியலைக் கேளுங்கள். ஒரு பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக் காலத்தில் ஒருமுறைக்கு மேல் நகர்த்தக் கூடாது என்று எழுத்தில் விதி வைக்கச் சொல்லுங்கள்.

எல்லைக் கோடு என்பது வெறும் இடவசதி விஷயம் என்று சொல்பவர்களுக்கு வரலாறு தெரியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-ல் சார்லட் நகர வழக்கில், இனப் பிரிவினையை உடைக்கப் பள்ளி எல்லைகளை மாற்றி, ஒட்டாத துண்டுகளைக் கூட இணைத்து, பேருந்தில் பிள்ளைகளை அனுப்பலாம் என்றது. 1974-ல் டெட்ராய்ட் வழக்கில், புறநகர்ப் பள்ளி மாவட்டங்கள் தவறு செய்ததாக நிரூபிக்காமல் அந்தத் தீர்வை மாவட்ட எல்லையைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது என்று நிறுத்தியது. ஆக, மாவட்டத்துக்கு உள்ளே இருக்கிற கோடு நகரும், வெளிக்கோடு நகராது. வசதியுள்ளவர் வெளிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் உள்ளே எப்படி வரைந்தாலும் மிச்சம் இருப்பவர்களைத்தான் கலைத்துப் போட முடியும். கொள்ளளவு என்ற பெயரில் வருகிற ஒவ்வொரு வரைபடத்திலும் யார் யாரோடு படிப்பார்கள் என்ற முடிவும் கூடவே வருகிறது. அதை வெளிப்படையாக ஓர் அட்டவணையில் போடச் சொல்வது தப்பில்லை.

எதிர்க்காற்று

இனி யார் வீட்டுக்கடன் கட்டுகிறார்கள் என்பதையும் அட்டவணையில் போடச் சொல்லுங்கள். பிள்ளைகளைச் சதுரங்கக் காய் மாதிரி நகர்த்துவதற்கு எல்லாருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பக்கத்துப் பள்ளி பக்கத்துப் பள்ளியாகவே இருக்கட்டுமே. நிரம்பினால் இன்னொரு தளம் கட்டுங்கள்.

நிலவரைவி

கட்டலாம் அண்ணே. ஆனால் பக்கத்திலேயே காலி அறைகளை வைத்துக்கொண்டு கட்டடத்துக்கு வரிப்பணம் கேட்டால் முதலில் எதிர்த்து ஓட்டுப் போடுவது யார்?

எதிர்க்காற்று

நான்தான் :) சரி, விடுங்கள்.

வண்டிச்சாவி

தாமதமாக வந்தேன். பள்ளிப் பேருந்துத் தடம் போடுகிற வேலையில் இருக்கிறேன். எல்லாரும் வகுப்பறையைப் பார்க்கிறீர்கள், சாலையைப் பார்க்கவில்லை.

எல்லை மாறினால் நடந்து போகிற பிள்ளை பேருந்துப் பிள்ளையாக மாறுகிறான். ஒரே பேருந்து காலையில் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு அடுத்தடுத்து ஓடும், அதற்காகத்தான் பள்ளிகளின் தொடக்க நேரத்தையே தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு தடத்தில் பதினைந்து நிமிடம் கூடினால் அடுத்த பள்ளிக்கும் தாமதம், அதற்கடுத்ததுக்கும் தாமதம். தொடக்கப்பள்ளி எல்லையை மாற்றப் போய் மேல்நிலைப் பள்ளியின் மணி மாறுவது இப்படித்தான். வரைபடத்தில் பறவை பறக்கிற தூரத்தைப் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். ஆறு, ரயில் பாதை, நடைபாதை இல்லாத பெரிய சாலை எல்லாவற்றையும் சேர்த்து நடை தூரம் கேளுங்கள். வேப்பமரம் சொல்கிற அந்தப் பெரிய சாலையைப் பிள்ளைகள் எங்கே கடப்பார்கள், அங்கே விளக்கு உண்டா, ஆள் நிற்பாரா என்பதைக் கேட்டாலே ஒரு வரைபடம் மேசையிலிருந்து போய்விடலாம்.

வேப்பமரம்

அந்தச் சாலையில் அரை மைலுக்கு ஒரு கடவைதான் இருக்கிறது. இது என் பட்டியலில் ஏறிவிட்டது.

வண்டிச்சாவி, ஒரு சந்தேகம். விலக்கு வாங்கிப் பழைய பள்ளியிலேயே தொடர்கிற பிள்ளைக்குப் பேருந்து வருமா?

வண்டிச்சாவி

பெரும்பாலும் வராது. "விலக்கு உண்டு, போக்குவரத்து பெற்றோர் பொறுப்பு" என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஒரு துண்டுக்கு இரண்டு பள்ளிப் பேருந்து விட எங்களிடம் ஓட்டுநர்கள் இல்லை, அதுவும் உண்மை. ஆனால் பலனைப் பாருங்கள். காலையில் காரில் கொண்டுபோய் விட முடிகிற வீட்டுப் பிள்ளை பழைய பள்ளியிலேயே முடிக்கும். அந்த அடுக்குமாடியில் கார் இல்லாத வீட்டுப் பிள்ளை, காகிதத்தில் அதே விலக்கு இருந்தும், முதல் நாளே மாறிவிடும். கணக்குப்பிள்ளை சொன்ன நடுவழி விலக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இரண்டு வகுப்பு, இரண்டு வருடம் என்றால் அந்த ஒரு தடத்துக்குத் தற்காலிகமாக ஒரு வண்டி விட முடியும். முழு விலக்கு என்று ஐந்து வருடத்துக்கு விடச் சொன்னால் முடியாது.

கணக்குப்பிள்ளை

இது எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா, உங்கள் இரண்டு நிமிடத்தில் இதற்கு இடம் வையுங்கள்.

வேப்பமரம்

வைக்கிறேன். அடுக்குமாடியில் மூத்தவளின் தோழி வீடு இருக்கிறது, அவள் அம்மாவிடம் பேசினேன். அவருக்கு அந்த நேரத்தில் வேலை, வர முடியாது. எழுத்தில் கொடுத்தால் வாசிப்பார்களா என்று கேட்கிறார்.

நிலவரைவி

வாசிக்க மாட்டார்கள், ஆனால் பதிவில் ஏறும். கூட்டத்துக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் என்பது மாதிரி ஒரு கெடு இருக்கும், அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள், பாருங்கள். அவர் பெயரிலேயே, அவர் வார்த்தையிலேயே அனுப்பச் சொல்லுங்கள். அச்சடித்த ஒரே கடிதத்தில் ஐம்பது கையெழுத்து வந்தால் குழு அதை ஒன்றாகத்தான் எண்ணும்.